மிளகாய்க்காரன் கட்டினது

அவருடைய பெயரை மட்டும் கேட்காதீர்கள். மற்ற எல்லாம் சொல்கிறேன். ஆளின் உயரம், நடை, கோபம் வந்தால் மீசையின் எந்தப் பக்கத்தைக் கடிப்பார், எல்லாம் சொல்லத் தயார். பெயர் கிடையாது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர், உங்களோடு சாராயக் கொம்பனியில் வேலை செய்த மிளகாய்க்காரரின் பெயர் என்ன என்று கேட்டார். மறந்துபோச்சு என்றேன். பச்சைப் பொய். என் சொந்தப் பெயர் மறந்தாலும் அது மறக்காது. ஏன் சொல்ல மறுக்கிறேன் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிசின் பாசல் நகரத்திலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் செர்ரி மரங்கள் நிற்கும் சரிவுகள் வரும். அங்கே ஒரு வடிசாலை. செர்ரிப் பழத்தைப் புளிக்க வைத்து வடிக்கும் வெள்ளைச் சாராயத்துக்குக் கிர்ஷ் என்று பெயர். அதையும் பேரிக்காய்ச் சாராயத்தையும் போத்தலில் அடைத்து உலகமெல்லாம் அனுப்பினார்கள். நான் ஏற்றுமதிக் கந்தோரில் லேபலும் சுங்கப் பத்திரமும் தட்டச்சு செய்பவன். அவர் கீழே பொதி கட்டும் பகுதியில் பதினேழாம் இலக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மிளகாய்த் தோட்டம் செய்தவர், நாற்பது வயது, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில்.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற வழக்கம் அந்த மனிதரிடம் அறவே இல்லை. வேலைக்கு வந்த முதல் கிழமையே, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்து "இது விழும்" என்றார். விழவில்லை. அடுத்த நாளும் அதே பெட்டிகளைத் தாண்டிப் போகும்போது, "விழும்" என்றார். மூன்றாம் கிழமை அந்த அடுக்கு முழுவதும் யப்பானுக்குக் கப்பலேறிப் போய்விட்டது. பார்த்தீர்களா அண்ணை, விழவில்லையே என்று நான் சீண்டினேன். மனுசன் அசையவில்லை. "அங்க போய் விழுந்திருக்கும்" என்றார்.

சாராயம் வாயில் படாது. நத்தார்ப் பண்டிகைக்கு ஆளுக்கொரு போத்தல் கிர்ஷ் கொடுத்தார்கள், வெளியே விற்காத முதல்தரம். இவர் அதைக் கொண்டுபோய் இரண்டு முழங்காலிலும் பூசித் தேய்த்துவிட்டார். குளிருக்கு மூட்டுப் பிடிப்பாம். அடுத்த நாள் வேலைக்கு வந்த ட்ராமில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து போனார்கள், காலையிலேயே குடித்துவிட்டு வருகிறான் என்று. பொதிப் பகுதியை மேற்பார்க்கும் ஃபோர்மனுக்குச் செய்தி போனதும் அந்த நல்ல மனுசனுக்கு முகம் சிவந்து போயிற்று. தன் தகப்பன் காலத்து மரங்களின் பழமாம், அதை முழங்காலுக்கா என்று என்னிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். "குடிக்கச் சொல்லித் தந்தவங்களோ? தந்தவங்கள், அவ்வளவுதான். என்ர முழங்காலுக்கு நல்லாயிருக்கு எண்டு சொல்லும்" என்றார். அப்படியே மொழிபெயர்த்தேன். ஃபோர்மன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு போனார்.

மொழிபெயர்த்தேன் என்று சும்மா எழுதிவிட்டேன். என் வினையே அதில்தான் இருக்கிறது.

நான் அவருக்கு ஐந்து வருடம் முந்தி வந்தவன். டொச்சு என்கிற ஜெர்மன் மொழி பேசத் தெரிந்ததால், அகதி மனு விசாரணைகளுக்கு இடைக்கிடை மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். அவர் வடிசாலைக்கு வருவதற்கு முன் ஒருநாள், அன்றைய மூன்றாவது ஆளாக இவர் வந்து உட்கார்ந்தார். எனக்கு நல்ல பசி. முதல் கேள்வி, ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள்? மனிதர் ஒரு கணமும் யோசிக்காமல், "அது திறந்த பொருளாதாரத்தில தொடங்கினது" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. எழுபத்தேழுக்கு முன் சில வருடம் வெளிநாட்டு மிளகாய் வெங்காயம் இலங்கைக்குள் வராமல் தடுத்திருந்தார்கள். செம்பாட்டு மண்ணில் மிளகாய் நட்டவன் கல்வீடு கட்டினான், தண்ணீர் இறைக்கிற மிசின் வாங்கினான். எழுபத்தேழில் ஆட்சி மாறியது. கொழும்பு இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதற்கு வைத்த பெயர்தான் திறந்த பொருளாதாரம். இவருடைய செத்தல் மிளகாய் சாக்கோடு கிடந்து பூஞ்சணம் பிடித்தது. தோட்டத்தில் வேலை இல்லாமல் போன இளம் பெடியள் ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள். அவர்களைத் தேடி ஆமி வந்தது. மிசின் கொட்டில் எரிந்தது, இவருடைய தம்பியைக் கொண்டுபோனார்கள். அந்த ஆள் கதையை வேரிலிருந்து சொல்ல வெளிக்கிட்டார். முழுவதையும் கேட்காமல் நான் முதல் வரியைச் சுருக்கி, "பொருளாதாரக் காரணங்களுக்காக" என்று டொச்சில் சொல்லிவிட்டேன். அதிகாரியின் தட்டச்சு மெசின் அதை முதல் வரியாகப் பதிந்துகொண்டது. பிறகு அவர் ஆமியைச் சொன்னார், தம்பியைச் சொன்னார், அதுவும் பதிவானது. ஆனால் முதல் வரி முதல் வரிதான்.

வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பொருளாதாரக் காரணத்துக்கு வந்தவனை அந்த நாட்களில் இங்கே அகதி என்று சொல்வதில்லை. அதற்கென்றே ஒரு வசைச் சொல் பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருந்தது, பொருளாதார அகதி என்று. குற்றம் குறுகுறுக்க நான்தான் வடிசாலையில் பேசி அவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தேன். நடந்ததையும் ஒருநாள் சொல்லிவிட்டேன். திட்டுவார், இரண்டு அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் மீசையின் இடப்பக்கத்தைக் கடித்தபடி, பொருளாதாரம் என்றுதானே நானும் சொன்னேன், அதில் என்ன பிழை என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஃபோர்மனுக்கு இந்தக் கதை கொஞ்சம் தெரியவந்தது. டொச்சில் பொருளாதாரத்துக்கும் சாராயக் கடைக்கும் ஒரே சொல், விர்ட்ஷாஃப்ட். இவரோ குடிக்காத ஆள் வேறு. விர்ட்ஷாஃப்டுக்குப் பயந்து ஓடிவந்தவன் கடைசியில் இங்கேயே வந்து விழுந்தானே என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் விளக்கிச் சொன்னதும் இவரும் சிரித்தார். அதற்குப் பிறகு யார் ஏன் வந்தாய் என்று கேட்டாலும் அந்த டொச்சுச் சொல்லையே நிமிர்ந்து நின்று சொல்வார். எனக்குத்தான் அந்த முதல் வரி ஞாபகம் வரும்.

எங்கள் ஏற்றுமதிப் பகுதிக்குத் தலைவி ஒரு சுவிஸ் பெண்மணி. ஐம்பது வயது, தட்டையான சப்பாத்து, கண்ணாடி கழுத்தில் தொங்கும். நாங்கள் ஃப்ராவ், அதாவது அம்மணி, என்போம். அவருடைய அறைச் சுவரில் உலகப் படம் ஒன்று. கிர்ஷ் போகிற ஊருக்கெல்லாம் சிவப்பு ஊசி. சந்தைகள் திறக்க வேண்டும் என்பது அவருடைய மந்திரம். யப்பான்காரன் தன் சாராயத்துக்குக் குறைந்த வரியும் நம்முடையதற்குக் கூடிய வரியும் போடுகிறான், அநியாயம் என்று கிழமைக்கு ஒருமுறை பொரிந்து தள்ளுவார். ஒருநாள் கீழே வந்து எல்லோருக்கும் அதைச் சொன்னார். இவர் கையிலிருந்த பசை நாடாவைக் கீழே வைத்துவிட்டு, நான் கேட்டதாகக் கேளும் என்றார். கேட்கச் சொன்னது இதுதான்: பிரெஞ்சுச் சாராயம் இந்த நாட்டுக்குள் வந்தால் உங்கட சாராயத்துக்குப் போடுகிற வரிதானோ?

சுங்கப் பத்திரம் தட்டச்சு செய்கிறவன் நான். வெளிநாட்டுச் சாராயத்துக்கு வரி அதிகம்தான் என்பது எனக்குத் தெரியும். ஃப்ராவுக்கும் தெரியும். பொதி கட்டுகிறவனுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் அவர் என்னைப் பார்த்தார். சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஃப்ராவ் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், எங்கள் செர்ரி விவசாயிகளைக் காப்பாற்ற வேண்டாமா என்றார். இவர் தலையாட்டினார். "அதுதான் அம்மா. மிளகாய் விவசாயியும் விவசாயிதான்" என்றார். ஃப்ராவ் மேலே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் கீழே வந்தால் இவருக்குத் தனியாக ஒரு வணக்கம் விழும். இவருக்குத் தலைகால் புரியவில்லை என்று நினைக்கிறீர்களா? இல்லை, வரி மாறியதா என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டார்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிட்டை போடுவோம். கட்டியவர் என்ற இடத்தில் இலக்கம் எழுத வேண்டும். எல்லோரும் இலக்கம் எழுதினார்கள். இவர் பதினேழு என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் தமிழில், "மிளகாய்க்காரன் கட்டினது. கவனமாத் திறவுங்கோ" என்று எழுதுவார். ஒசாகாவிலும் சிங்கப்பூரிலும் அதை யார் வாசித்திருப்பார்களோ. ஃபோர்மன் தடுத்துப் பார்த்தார். நான் கட்டினதுக்கு நான்தான் பொறுப்பு, இலக்கம் பொறுப்பெடுக்காது என்று பதில் வந்தது. கடைசியில் விட்டுவிட்டார்கள். அழகான கையெழுத்து வேறு.

அந்த இலையுதிர் காலத்தில் படத்தில் ஒரு புதிய ஊசி ஏறியது. கொழும்பு. உல்லாசப் பயணிகளின் விடுதிகளுக்கு ஐரோப்பியச் சாராயம் இறக்கும் ஒருவர் நாற்பது பெட்டி கேட்டிருந்தார். திறந்த பொருளாதாரம் சும்மாவா. ஃப்ராவ் எனக்குக் கைகொடுத்து, உன் நாடு என்றார். நான் என்னத்தைச் சொல்ல. கீழே போய் இவரிடம் சொன்னேன். மாட்டேன் என்று ஏதாவது சொல்லித் தொலைப்பார் என்று பயந்தேன். சொல்லவில்லை. நாற்பதையும் தானே கட்டினார், வேறு யாரையும் கிட்ட விடவில்லை. சிட்டைகளை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

தை மாதம் அவருடைய மனுவுக்குப் பதில் வந்தது. நிராகரிப்பு. மனுதாரர் தாமே பொருளாதாரக் காரணங்களுக்காக வந்ததாகக் கூறியிருக்கிறார், அவர் தனிப்பட்ட முறையில் தேடப்படுகிறார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். அந்தக் காலத்தில் திரும்பிப் போகிற ஒரு தமிழ் ஆம்பிளை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி எங்கே போவான் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் பேனையும் தாளுமாக அவருடைய அறைக்குப் போனேன். வழி சுலபம். மொழிபெயர்ப்பாளன் பிழைவிட்டான் என்று எழுத வேண்டும், நானே கையெழுத்துப் போடுவேன், என் மொழிபெயர்ப்பு வேலை போனால் போகட்டும் என்றேன். அவர் மறுத்துவிட்டார். கெஞ்சினேன். ஒரு கட்டத்தில் எனக்கும் ஏறிவிட்டது, உயிரைக் காப்பாற்றுகிற நேரத்தில் மிளகாய் என்ன மிளகாய் என்று கத்திவிட்டேன்.

"தம்பி, நான் சொல்லாததை நீர் சொல்லேல்லை. என்னை முதலில தோட்டத்தில இருந்து கலைச்சது கப்பலில வந்த மிளகாய். பிறகுதான் ஆமி. ரெண்டாவதைக் கேக்கிறவை முதலாவதையும் கேக்கட்டும். அந்த வரியை வெட்டினால் நான் கையெழுத்து வையன்."

அதற்கு மேல் அசைக்க முடியவில்லை. நாட்கள் போயின. நான் அந்த வரியை வெட்டி எழுதுவதும் அவர் அதைத் திரும்ப எழுதச் சொல்வதுமாக மூன்று கிழமை ஓடிவிட்டது. ஒன்பது நாள் மிச்சம் இருக்கும்போது கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

ஃப்ராவ் எங்கள் இருவரையும் மேலே கூப்பிட்டார். மேசையில் ஆங்கிலக் கடிதம், அதில் குத்தியிருந்தது எங்கள் சிட்டை ஒன்று. இறக்குமதிக்காரர் எழுதியிருந்தார். பெட்டியைத் துறைமுகத்தில் திறந்து பார்த்திருக்கிறார்கள், உள்ளே தமிழில் சந்தேகத்துக்குரிய வாசகம் இருந்திருக்கிறது. களஞ்சியத்தில் வேலை செய்த இரண்டு தமிழ்த் தொழிலாளிகளை விசாரணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இதை எழுதிய ஆளின் முழுப்பெயரையும் சொந்த முகவரியையும் உடனே அனுப்ப வேண்டும், உரிய இடத்தில் கேட்கிறார்கள், அனுப்பினால்தான் அடுத்த ஓடர் என்றிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று ஃப்ராவ் என்னைக் கேட்டார். வாசித்தேன்.

"இந்தப் பெட்டிக்குக் கதவு திறந்திருக்கு. கட்டினவனுக்குப் பூட்டு. வலிகாமம் மிளகாய்க்காரன்."

இந்த முறை ஒரு சொல்லையும் சுருக்காமல் டொச்சில் சொன்னேன். ஃப்ராவ் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

அந்த இரண்டு தொழிலாளிகளின் செய்தியை நான் தமிழில் சொன்னபோதுதான் மிளகாய்க்காரரின் முகம் மாறியது. என்ர எழுத்துக்கு அவங்களோ என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு எழுந்து நின்றார். "எழுதினது நான்தான். என்ர பேரைக் குடுக்கச் சொல்லும். ஊரையும் குடுக்கச் சொல்லும். ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

என்ன சொல்கிறார் என்று ஃப்ராவ் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் தரம் பசியில் பிழைவிட்டவன், இந்தத் தரம் முழுப் புத்தியோடு மொழிபெயர்க்க மறுத்தேன். மிளகாய்க்காரர், சொல்லும் என்று அதட்டினார். அவர் பக்கம் திரும்பினேன்.

"உங்கட மனுசியும் பிள்ளையளும் அந்த முகவரியிலதான் இருக்கினம் அண்ணை."

அவர் நின்றபடியே நின்றார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கலாமா என்று அவர் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். மீசையைக் கடிக்கவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கடைசியில் உட்கார்ந்தார்.

"சரி. பேரை விடும். எழுதினதை விடமாட்டன்."

ஃப்ராவுக்கு யாரும் மொழிபெயர்க்காமலே விளங்கியிருக்க வேண்டும். தட்டச்சு மெசினை என்னிடமிருந்து தன் பக்கம் இழுத்துத் தானே பதில் அடித்தார். அதன் பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது. நான்கு வரிதான். சிட்டையைப் பார்த்தோம். உங்கள் தொழிலாளிகள் இருவரும் வீடு திரும்பினார்களா என்று அறியத் தரவும். நாங்கள் ஏற்றுமதி செய்வது சாராய வகைகளை மட்டுமே, ஆட்களின் பெயர்களை அல்ல. இத்துடன் எங்கள் வியாபாரம் முடிகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் படத்திலிருந்து கொழும்பு ஊசியைப் பிடுங்கினார். சந்தை திறக்கட்டும் என்று வருடக்கணக்காகக் கத்திய மனுசி, ஒரு சந்தையைத் தன் கையாலேயே பூட்டினார். இவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து கீழே போய் மிச்சப் பெட்டிகளைக் கட்டினார்.

கொழும்புக் கடிதத்தை மேன்முறையீட்டோடு இணைத்தோம். தேடப்படவில்லை என்றீர்களே, இதோ பெயர் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று ஃப்ராவ் தன் பங்குக்கு ஒரு பக்கம் எழுதித் தந்தார். அது எட்டாம் பக்கம். முதல் பக்கத்து முதல் வரி மிளகாய்க்காரர் கேட்டபடியே இருந்தது: திறந்த பொருளாதாரத்தில் தொடங்கியது. அதற்குக் கீழே முழுக்கதை, இந்த முறை வேரிலிருந்து.

அடுத்த வருடம் பதில் வந்தது. அவர் இந்த நாட்டில் இருக்கலாம் என்றது. நான் வாசிக்க வாசிக்க அவர் இடைமறித்து, மிளகாய் வரி அதில் இருக்கிறதோ என்று கேட்டார். இருக்கிறது அண்ணை, இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்றேன். அப்போதுதான் சிரித்தார். பிறகு மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மூத்தவளுக்கு அப்பாவின் வாய் அப்படியே. அவள் வடிசாலைப் பக்கம் வந்தால் ஃபோர்மன் பாடு திண்டாட்டம்தான்.

கொழும்புக்காரர் பதில் எழுதவேயில்லை. அந்த இரண்டு பேரும் வீடு திரும்பினார்களா, இல்லையா, தெரியாது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு இவர் ஒரு கிழமை சிட்டையில் வெறும் பதினேழு என்று மட்டும் எழுதினார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒசாகாப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். "மிளகாய்க்காரன் கட்டினது" என்று பழையபடி இருந்தது. கீழே புதிதாக ஒரு வரி. "பேர் தெரியாத ரெண்டு பேருக்காகவும் கட்டினது." வடிசாலையை விட்டு அவர் போகும்வரை ஒவ்வொரு பெட்டியிலும் அந்த வரி போனது.

இப்போது அவரும் இல்லை. இனிப் பெயரைச் சொன்னால் என்ன, யாருக்கு என்ன வரப்போகிறது என்று மனைவி கேட்கிறாள். வராமல் இருக்கலாம். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க விழுங்கியது ஒரே ஒரு சொல்லைத்தான். அதைப் போய் நான் துப்பமாட்டேன்.